நெஞ்சளவுத் தண்ணீரில் ஓர் எல்லை

போன கிழமை நான் ஒரு சொல்லை எண்ணிக்கொண்டிருந்தேன். 'நிலைபேறான' என்ற சொல். இருபத்தாறு பக்க அறிக்கை ஒன்றில் அது நாற்பத்தொரு தரம் வந்திருந்தது. அட்டையில் இருந்ததையும் சேர்த்துத்தான்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். மன்னார் பஸ் ஸ்டாண்டில் நின்றால் பஸ்ஸைப் பார்க்காமல் கழுதைகளை எண்ணுகிறவன் நான். அன்று ஏழு நின்றன, ஒன்று குட்டி. குட்டியை ஒன்றாக எடுப்பதா, அரையாக எடுப்பதா? இந்த யோசனையில் பேசாலை பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் ஏறி, பேசாலைக்குக் கிட்ட உள்ள ஒரு சின்ன மீனவக் கிராமத்துக்குப் போனேன். அங்குள்ள மாதர் சங்கம் என்னைக் கூப்பிட்டிருந்தது. எதற்கு? அந்த அறிக்கையை வாசித்து விளக்க.

விஷயம் இதுதான். அந்த அறிக்கையை எழுதிய கம்பனி, வெளிநாட்டில் உணவாக நல்ல விலை போகும் கடலட்டைக்கு அவர்களின் கரையோரத்தில் பண்ணை போடப்போகிறது. ஆழமில்லாத கடலில் தடி நட்டு, வலையால் சுற்றி அடைத்து, உள்ளே அட்டை வளர்ப்பார்கள். சிலருக்கு வேலையும் கிடைக்கும். கெட்ட திட்டம் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஆழமில்லாத கடல்தான் றீற்றாவின் கடல்.

றீற்றா சங்கத் தலைவி. ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை, வள்ளமும் இல்லை. கடலுக்குள் நடந்து போய், குச்சி ஊன்றி, நண்டு வலை கட்டிவிட்டு நடந்தே திரும்புகிறவர். அவரைப் போல இன்னும் இருபத்திரண்டு பெண்கள். வள்ளம் உள்ளவர்களுக்கு ஒரு துண்டுக் கடல் அடைபட்டால் மறு துண்டு இருக்கிறது. கால் எட்டும் தூரம் மட்டுமே கடலாக இருப்பவர்களுக்கு?

கோயில் மண்டபத்தில் அறிக்கையை விரித்தேன். 'தாங்குதிறன்' என்று தொடங்கினேன். ஓர் இடம் எவ்வளவைத் தாங்குமோ அவ்வளவுதான் அதில் ஏற்றலாம் என்றேன்.

"அப்ப எங்கட மினிபஸ்காரனுக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லையோ, ஐயா?" என்றார் ஒருவர். மண்டபம் சிரித்து முடியும்வரை காத்திருந்தேன். அடுத்தது 'உயிர்ப்பல்வகைமை'. ஓரிடத்தில் பலவகை உயிர்கள் சேர்ந்து வாழ்வது. அதற்கு எல்லோரும் ஒருமித்துத் தங்கள் மாமியார் வீடுகளை உதாரணம் காட்டினார்கள்.

கடைசியில் 'நிலைபேறான அபிவிருத்தி'. பின்னால் வருபவர்களுக்குக் குறை வைக்காமல் இன்றைய தேவையைப் பார்த்துக்கொள்வது என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

றீற்றா தலையாட்டினார். "ஓம், விளங்குது. எங்கட சீட்டு மாதிரி."

என்ன சீட்டு? கேட்டேன். சொன்னார்கள்.

கால் எட்டும் அந்தக் கடலை அவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கயிறு இல்லை, மதில் இல்லை. கோயில் கோபுரம், ஒற்றைத் தென்னை, ஐஸ் பக்டரிக் கூரை... இவைதான் குறி. மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கூடையில் போடுவார்கள். பங்குச் சுவாமியார் ஒவ்வொன்றாக எடுப்பார். யாருக்கு எந்த இடம் விழுகிறதோ அந்த மாதம் அது அவருடையது. அடுத்த மாதம் வேறொருவருடையது.

"நல்ல இடம் விழுந்தவை ஒட்டப் பிடிச்சுப்போட மாட்டினமோ?" என்று கேட்டேன்.

"பிடிச்சுப் பாக்கட்டும்!" என்றார் றீற்றா. "சினை நண்டை நான் கொண்டுபோனா, அடுத்த முறைக்கு வாறவள் என்ர வாசல்லை வந்து நிண்டு கத்துவாள் ஐயா. அந்த வாய்க்குப் பயந்தே திருப்பி விடுறனாங்கள்."

நான் அறிக்கையை மூடி வைத்தேன். பின்னால் வருபவர்களைப் பற்றி அதில் நல்ல வசனங்கள் இருந்தன. அவர்கள் வாசலில் வந்து கத்துவார்கள் என்று மட்டும் போடவில்லை.

பாராட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கவலைப்படாமல் எனக்குச் சோறு இறங்காது. செவ்வாய்க்கிழமை மக்கள் கருத்தறியும் கூட்டம். கம்பனி மனேஜர் வருவார், சுற்றாடல் அதிகாரி வருவார், புரொஜெக்டர் வரும். மைக்கைக் கண்டு இவர்கள் வாயடைத்துப்போனால்? சீட்டைப் பற்றிச் சொல்ல மறந்தால்? அடைப்பு வந்துவிட்டால் றீற்றா எங்கே நடப்பார்? இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. மூன்றாவது தலையணை வைத்தும் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. றீற்றா மைக்கை வாங்கவேயில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

"தம்பி, பத்தொன்பதாம் பக்கத்திலை 'சமூகப் பங்கேற்பு' எண்டு எழுதியிருக்கிறியள். எங்களுக்கு நல்ல சந்தோசம். வாற ஞாயிறு உங்கட கம்பனியின்ர பேரையும் கூடையிலை போடுறம். விழுற இடத்திலை ஒரு மாதம் அட்டை வளத்துப் பாருங்கோ. பிறகு தடியைப் புடுங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு மாறுங்கோ. நாங்களும் அப்பிடித்தான்."

மனேஜர் இளைஞர், நல்ல பிள்ளை. சிரித்துவிட்டார். "அக்கா, மாதா மாதம் வேலியைப் புடுங்கி நட ஏலுமே? அட்டை வளர ஒரு வருசத்துக்கு மேலை செல்லும்."

"அப்ப எங்கட முறை எப்ப வரும், தம்பி?"

மனேஜர் அறிக்கையைப் புரட்டினார். அதில் இதற்கு விடை இல்லை. எனக்குத் தெரியும், நான் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தவன்.

அதிகாரிதான் பேசினார். அவர் முருங்கன் பக்கத்துப் பெண். அதுவரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர். "பண்ணைக்கும் மக்களின்ர தொழிலுக்கும் நடுவிலை ஒரு இடைத்தாங்கு வலயம் விடலாம். ரெண்டு பக்கமும் ஒண்டையொண்டு இடிக்காமல் இருக்க விடுற வெறும் இடம். நீங்கள் எவ்வளவு தூரம் நடப்பியள்?"

"நெஞ்சு மட்டும் தண்ணி வரும்வரைக்கும், மிஸ்."

"ஆரின்ர நெஞ்சு மட்டும்?"

இப்படி ஒரு கேள்வியை ஓர் அரச அதிகாரி கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. இருபத்திரண்டு குரல்கள் சேர்ந்து ஒரே பெயரைக் கூப்பிட்டன. "அருளம்மா!"

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். எழுந்தார்... எழுந்துகொண்டே இருந்தார். றீற்றாவின் மச்சாள். ஊரிலேயே உயரமான பெண். லைட் போஸ்ட் என்று தன்னை நக்கலடிக்கிறவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சீலையை இழுத்துச் செருகினார்.

"வாங்கோ, போய் அளப்பம்" என்றார் மனேஜர்.

"பொறுங்கோ தம்பி. இப்ப பெருக்கு. வத்தட்டும். நாங்கள் வத்திலைதான் வலை கட்டுறது" என்றார் றீற்றா.

கடல் வற்றும்வரை எல்லோரும் பிளேன்ரீ குடித்தோம். அவர்கள் சொன்னது உண்மை. அது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது; வற்றினால் நெஞ்சளவுத் தண்ணீர் இன்னும் தூரத்தில்தானே. அதிகாரி இரண்டையும் விளங்கிக்கொண்டுதான் கோப்பையை வாங்கினார் என்று நினைக்கிறேன்.

பிறகு அருளம்மா நடந்தார். பின்னால் குறித்தடியுடன் மனேஜர், அவருக்குப் பின்னால் சப்பாத்தைக் கழற்றிய அதிகாரி, அப்புறம் றீற்றா. நான் கரையில் குடையுடன் நின்றேன். முழங்கால் தண்ணீர். நெடுநேரம் முழங்கால்தான். பிறகு இடுப்பு. ஒருவழியாக அருளம்மா நின்றார்.

"அக்கா, நுனிக்காலிலை நிக்கிறியள்! குதிக்காலை ஊண்டுங்கோ!" காற்றோடு மனேஜரின் குரல் வந்தது.

"ஊண்டித்தான் நிக்கிறன் தம்பி! நம்பாட்டி முங்கிப் பாரும்!"

மனேஜர் முங்கவில்லை. தடியை நட்டார். அந்தத் தடிக்கு இப்பால் வேலி வராது என்று ஈரக் கையால் ஒப்பமும் வைத்தார். மேலிடத்து அனுமதி இன்னும் வரவேண்டும். அதைப் பற்றியும் நான் கவலைப்படத் தொடங்கிவிட்டேன். ஆனால் றீற்றா தன் பெயரை ஞாயிற்றுக்கிழமை கூடையில் போடுவார்.

திரும்பி வந்த அதிகாரி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "அக்கா, உங்களுக்கு அந்தத் தடியடியிலை கழுத்துக்கு மேலை தண்ணியெல்லோ? அருளம்மாவைத் தவிர ஒருத்தரும் அங்கை போக ஏலாது. பிறகேன் அவ்வளவு தூரம்?"

றீற்றா சீலைத் தலைப்பைப் பிழிந்தார்.

"நாங்கள் போகேலாதுதான், மிஸ். எங்களிட்டையிருந்து தப்பி ஓடுற நண்டும் எங்கையாவது போகவேணுமெல்லோ?"