எழுபது சங்குக்கு இருபது

இல்லை, மரியான் கஞ்சன் கிடையாது. யாரும் கேட்கவில்லைதான், நானாகவே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடம் அவன் கடலுக்கு அடியில் சங்கு எடுத்தான், நான் படகில் உட்கார்ந்து அவனுக்குக் காற்றுப் போகும் குழாயைப் பிடித்திருந்தேன். போன மாதம் என் மகளுக்குப் பெண் பிறந்தபோது முதல் ஆளாக வந்து கொசுவலை கொடுத்தவன் அவன்தான். பேத்தி இப்போது என் மடியில் தூங்குகிறாள். இவ்வளவு அழகாக ஒரு பிள்ளை தூங்கி நான் பார்த்ததில்லை.

திரேஸ்புரத்தில் எங்கள் படகுக்கு மட்டும் ஒரு பேச்சு உண்டு. ஒரு நாளில் எடுக்கும் முதல் இருபது சங்கு எடுத்தவனுக்கே. அடுத்த இருபதில் நாலுக்கு ஒன்று பொதுவுக்கு. நாற்பதுக்கு மேல் போனால் பாதி பொதுவுக்கு. அந்தப் பொதுப்பங்கு அன்று ஒன்றும் கிடைக்காதவனுக்கும், மேலே இருக்கும் எனக்கும், வீட்டில் படுத்துக் கிடப்பவனுக்கும் போகும். மரியான் எழுபது எடுப்பான். இருபது போய்விடும்.

"ஏலே, உசிரக் குடுத்து எடுக்கது நானு. மேல கொட்டாவி விட்டுட்டு இருக்கவனுக்கு என்னத்துக்குப் பங்கு?" என்பான்.

படகுக்காரர் செந்தூர்பாண்டி சிரிப்பார். "கீழ உனக்கு வார காத்து யாரு விட்ட கொட்டாவிலே?"

எல்லோரும் சிரிப்போம். அவனும் சிரிப்பான். எனக்கு அந்தப் பங்குக் கணக்கு நியாயமாகத்தான் பட்டது. வாங்குகிறவனுக்கு வேறு எப்படிப் படும்?

இந்த வருடம் அவன் மகள் பெனிஷாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. பத்து நாளில் பணம் கட்ட வேண்டும். அந்த வாரம் மரியான் தினமும் சரியாக நாற்பது சங்கோடு மேலே வந்தான். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எனக்குப் புரிந்தது. மிச்சத்தை வலைப்பையில் போட்டு அடியில் ஒரு பாறையில் கட்டி வைக்கிறான். கணக்கு அந்தந்த நாளோடு முடிகிறது. சங்கு குறைவாகக் கிடைக்கும் நாளில் அதை எடுத்து வந்தால் பாதி போகாது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காற்று மாறித் தண்ணீர் கலங்கிவிட்டது. பையைத் தேடியிருக்கிறான். நேரமாகிவிட்டது என்று குழாயை இரண்டு முறை இழுத்தேன். ஒரு முறை இழுத்தான். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். மறுபடி இழுத்தேன். மறுபடியும் அதே பதில். கடைசியில் விறுவிறுவென்று மேலே வந்தான், கையில் ஒன்றும் இல்லை. படகில் தூக்கிப் போட்டபோது, "மச்சான், காலு எங்க இருக்கு?" என்று கேட்டான். எதிரில்தான் நீட்டிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் இப்படி ஆகும் என்றார்கள். காலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. பையைப் பற்றி அங்கே வைத்து அவனே எல்லோரிடமும் சொன்னான், பேருந்து போய்விட்டது என்று சொல்வதுபோல. பெனிஷாவின் இடமும் போய்விட்டது.

நேற்று கரையில் கூடினோம். மரியானுக்குப் பொதுப்பங்கு உண்டா இல்லையா என்பதுதான் பேச்சு. அது இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

"நம்மள ஏமாத்தி ஒளிச்சு வச்சவனுக்கா அண்ணாச்சி?" என்று இரண்டு பேர் எழுந்தார்கள்.

செந்தூர்பாண்டி சத்தம் போடவில்லை. "படுத்துக் கெடக்கவனுக்குப் பங்குன்னுதான் பேச்சு. நல்லவனாப் பாத்துன்னு எவம்லே சொன்னான்?"

எழுந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மரியானையும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள்.

இன்று காலை அவன் பங்குப் பணத்தைக் கவரில் போட்டுக் கொண்டுபோனேன். அவன் மனைவி ஞானபாய் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மரியான் கட்டிலில் சாய்ந்து, அணைத்திருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கவரை அவன் பக்கத்தில் வைத்தேன். அவன் அதை எண்ணவில்லை, தலையணைக்கு அடியில் தள்ளினான். பிறகு சொன்னான்:

"வாங்கிக்கிடுதேன் மச்சான். ஆனா இது நியாயம்னு மட்டும் என்னயச் சொல்லச் சொல்லாத."