ஊர் கூடிக் கட்டிய படகு

பாரிசவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியிருந்தது. சோற்றையும் கறியையும் என் விரலால் நானே குழைத்துத் தின்ன வேண்டும். இடது கையில் கரண்டி பிடித்தால் பாதி மடியில் கொட்டியது. ஆகவே மனைவி குழைத்து வாயில் தீத்தினாள். கலியாண வீடுகளுக்குப் போவதை அடியோடு நிறுத்தினேன். நாலு பேர் நடுவில் குருவிக் குஞ்சு மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருக்க என்னால் முடியாது.

கொழும்பில், பொரளை ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி தந்த சிங்களப் பெண் கண்டிப்பானவள். சின்னச் சின்னப் பொருட்களை விரலால் எடுத்து எடுத்து வைக்க வேண்டும், கை கேட்டாலும் கேட்காவிட்டாலும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கடலையில் தொடங்கினேன். ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்குக் கடலை மாற்றுவதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. கனடாவில் இருக்கும் தம்பியிடம் போனில் புலம்பித் தள்ளினேன். அவன் அங்கிருந்து வந்த ஒருவரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து விட்டான். பின்பக்கம் தண்ணீரைத் தள்ளிச் சுழலும் பெரிய சில்லு வைத்த ஆற்றுப் படகின் சின்ன மாதிரி அது, மரத்தில், துண்டு துண்டாக. ஈர்க்குத் தடிப்பில் பலகைக் குச்சிகள், விலா எலும்பு போல வளைந்த சட்டங்கள், ஒரு கட்டுப் படங்கள். படத்தைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் ஒட்ட வேண்டும். எனக்குக் கோபமும் வந்தது, ஆசையும் வந்தது.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே கடற்கரை ரயில் ஓடுகிறது. ரயில் போகும்போதெல்லாம் சாப்பாட்டு மேசை அதிரும், குச்சி உருளும், நான் கெட்ட வார்த்தையில் திட்டுவேன். முதல் நாள் காலை முழுவதும் ஒரே குச்சியோடு மல்லுக்கட்டினேன். பெருவிரல் போகும், சுட்டுவிரல் வராது. இரண்டும் ஒருமாதிரி வந்து சேர்ந்து, குச்சியைத் தூக்கி, பைண்டர் கம் பூசிய சட்டத்தில் வைக்கப் போன நேரம் வாசல் மணி அடித்தது.

வருத்தம் பார்க்க, அதாவது நோயாளியை நலம் கேட்க, ஆள் வந்துவிட்டது. எங்கள் சனங்களிடம் இது ஒரு நல்ல வழக்கம், வருத்தக்காரனைத் தவிர மற்ற எல்லாருக்கும். அப்பிள், திராட்சை, பால்மா டின் என்று ஆளுக்கொரு பையோடு வருவார்கள். மனைவி கதவை அகலத் திறந்து, "வாங்கோ, வாங்கோ. அவருக்கு ஏலாது, இருந்து கதைச்சிட்டுப் போங்கோ" என்பாள். வந்தவர்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருப்பார்கள். மேசையில் படகு இருந்தது. வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு வந்தவர் மேல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற எஞ்சினியர். என் விரலில் குச்சி நடுங்குவதைக் கொஞ்ச நேரந்தான் பொறுத்துப் பார்த்தார்.

"விடுங்கோ, நான் ஒட்டித் தாறன். நீங்கள் றெஸ்ட் எடுங்கோ."

"இல்லை, இது என்ர கைக்கு எண்டு வந்தது."

"ஓமோம், உங்கட கைக்குத்தான்" என்றபடி குச்சியை என் விரலிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் பின்னேரம் தவறாமல் வந்தார், சொந்த பிளேடும் சாண்ட் பேப்பரும் கொண்டு. தெஹிவளையிலிருந்து மச்சாள் புட்டோடு வருவாள். மனைவியின் தங்கை. "அத்தான், நீங்கள் கரைச்சல்படாதேங்கோ" என்று சொல்லி, அக்காவோடு ஊர்வம்பு பேசிக்கொண்டே மேல்தட்டுக் கம்பிவேலியை ஒட்டி முடித்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து என்னோடு கந்தோரில் வேலை பார்த்த பழைய கூட்டாளி ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்து வர்ணம் பூசினார். போகும்போது படகுக்கும் ஒரு சிலுவை போட்டார், எனக்கும் போட்டார். ஒருவரும் கெட்டவர் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் வாசலோடு விரட்டியிருப்பேன். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்கிறோம். இழுக்கட்டும், தேர் அவர்களுடையது, படகு என்னுடையது. நான் என் சொந்த வீட்டில், தேங்காய்த் துருவலைப் பார்க்கும் பூனை மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு முடிந்தது. உண்மையிலேயே வடிவாக இருந்தது. எஞ்சினியர் அதைக் கண்ணாடி அலுமாரியில் ஏற்றி, என் போனில் படம் பிடித்து, என் தம்பிக்கே அனுப்பி வைத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அங்கே நடுச்சாமம், தம்பி போனில் கூப்பிட்டான்.

"அண்ணை! கை நல்லா வந்திட்டுது எண்டு சொல்லவே இல்லையே! என்ன வடிவாச் செய்திருக்கிறியள்!"

என் வாயில் மனைவி தீத்திய சோறு இருந்தது. போனை அவளிடம் தள்ளிவிட்டேன். அவள் கதைத்து முடிக்கும்வரை அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரிய பேசின்ல சுடுதண்ணி கொண்டு வாரும்" என்றேன்.

"என்னத்துக்கு?"

"படகைப் போட."

"உங்களுக்கென்ன விசரே? அவ்வளவு சனம் மினக்கெட்டுச் செய்தது!"

"அதுதான் சொல்லுறன். அதில என்ர கை பட்ட குச்சி ஒண்டு இருந்தாக் காட்டும். பிறகு நான் வாய் திறக்க மாட்டன்."

அவள் அலுமாரியைத் திறந்து படகை எடுத்தாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது.

சுடுதண்ணீரில் பைண்டர் கம் இளக நேரம் எடுத்தது. மச்சாளின் கம்பிவேலி முதலில் கழன்றது. கூட்டாளியின் சிவப்பு வர்ணம் தோலாக உரிந்து மிதந்தது. எஞ்சினியரின் சில்லுத்தான் கடைசிவரை அசையாமல் நின்றது, மனிதர் வேலை தெரிந்தவர். அதை மனைவியே பிளேடு வைத்துக் கிளப்பினாள். குச்சிகளைத் துவாயில் பரப்பி, ஒற்றி எடுத்து, என் முன்னால் வைத்தாள். பிறகு எதிர்க் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

நான் ஒரு குச்சியை எடுத்தேன். விழுந்தது. திரும்ப எடுத்தேன். திரும்ப விழுந்தது. அவள் கை ஒருமுறை முன்னால் வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அது திரும்பிப் போய்விட்டது.

வாசல் மணி அடித்தது. பின்னேரம், எஞ்சினியரின் நேரம். மனைவி எழும்பிப் போனாள். கதவை ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தாள்.

"அவர் வேலையா இருக்கிறார்" என்றாள். "பிறகு வாங்கோ."