கப்டனின் ஊத்தைச் சட்டையும் ஒரு பிடி செத்தல் மிளகாயும்

ஐஸ் ஹொக்கி அணிக்கு உடுப்பும் சறுக்குச் சப்பாத்தும் பார்ப்பவனுக்கு, செய்த வேலைக்கு நன்றி கிடையாது. செய்யாமல் விட்டிருக்க வேண்டிய வேலைக்குத்தான் பேச்சு விழும். மற்றவர் வேர்வையோடு மல்லுக்கட்டிச் சீவிக்கும் சகபாடிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

இரண்டு முன்பற்கள்

ரொறன்ரோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. ஆட்டத்தின் நடுவே கப்டன் ஓரத்துக்கு வந்து என் கையில் ஒரு துவாயைத் திணித்தான். விரித்தால் இரத்தமும் இரண்டு முன்பற்களும்! எனக்குத் தலை சுற்றிக் குந்திவிட்டேன். அவனோ வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவசரப்பட்டான். அவன் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்: "பல்லை விடு, மட்டையை எடு!"

தோய்த்த பாவம்

அணியின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவன் என்ற சாதனைக்குக் கப்டனுக்கு இன்னும் ஒரே ஒரு கோல். அவனுடைய உள்சட்டையோ நாறிக்கொண்டு கிடந்தது. ஒருவரும் கவனிக்கவில்லையாக்கும் என்று வாசனைப் பவுடர் போட்டுத் தோய்த்து மடித்து வைத்தேன். கோல் விழத் தொடங்கிய நாளிலிருந்து, ராசி போய்விடும் என்று அதை அவன் தோய்க்கவிடுவதில்லை என்பது அணியில் எனக்கு மட்டும்தான் தெரியாது. மணந்து பார்த்தவன் முகம் வெளிறிப்போனது.

பிறகு ஐந்து ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. அடுத்த ஆட்டத்திலும் விழாவிட்டால் நான் வீட்டோடு நிற்கலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஸ்காபரோவில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வாயில் கை வைத்தாள். "ஊத்தை உடுப்பைத் தோய்ச்சதுக்கு வேலை போறதை இப்பதானப்பா கேள்விப்படுறன்!"

நாவூறு

யாரோ கண் வைத்துக் கப்டனுக்கு நாவூறு பட்டிருக்கும் என்று காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் கட்டித் தந்ததும் அவள்தான். சனிக்கிழமை பகல் ஆட்டத்துக்கு முன், மிளகாயையும் உப்பையும் அந்தச் சட்டைக்கு மூன்றுதரம் சுற்றி, சாமான் அறையில் ஒரு தகரப் பேணிக்குள் போட்டுக் கொளுத்தினேன். மிளகாய்ப் புகைக்கு உடனே தீ மணி அலறியது. கூரையைப் பார்த்துக் கும்பிட்டும் நிற்கவில்லை. உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த எங்கள் வீரர்கள் காலுறையோடு வெளியே ஓடிப் பனியில் நின்று இருமினார்கள். தீயணைப்பு வண்டியும் வந்தது. ஐயோ, என் கதை முடிந்தது என்று பேணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

ஆட்டம் பிந்தித் தொடங்கியது. மூன்றாவது நிமிடத்தில் கப்டன் கோல் அடித்தான்! அரங்கமே எழும்பிக் கத்தியது. முடிந்ததும் எப்படி அடித்தாய் என்று அவனைக் கேட்டேன். அவன் சிவந்த கண்ணைக் கசக்கினான். "ஆருக்குத் தெரியும்? கண் எரிஞ்சு பக் வட்டும் தெரியேல்லை, வலையும் தெரியேல்லை, சும்மா மட்டையை விசுக்கினன்!"

அவன் பெயர் சாதனைப் பட்டியலில் ஏறியது, என் பெயர் தீயணைப்புப் படையின் எச்சரிக்கைக் கடிதத்தில் ஏறியது, வேலை மட்டும் எப்படியோ தப்பியது.