ஊர் கைதூக்கி மூடிய வாய்

கோர்ட்டுக்குப் புறப்பட்டு வண்டியை எடுக்கும்போது நூர்ஜஹான் போன் செய்தார். "பிரசிடென்ட்டக்கா போய்ட்டாங்க சார். காத்தால டீ போட எழுந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றார். இருந்த ஒரு வழக்குக்கு வாய்தா வாங்கிவிட்டு வண்டியை வசந்தா அம்மாவின் ஊர்ப்பக்கம் திருப்பினேன்.

வசந்தா அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரை அடுத்து, பாலாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரின் முன்னாள் ஊராட்சித் தலைவர் அவர். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு தீர்மானம் போட்டுவிடுவார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று ஜெயித்தவர். பதவி இவருக்கு, அதிகாரம் கணவருக்கு என்று ஊரே நினைத்தது. கணவரும் அப்படித்தான் நினைத்தார். முதல் கூட்டத்தில் மேடையேற வந்தவரை, ஜனங்களோடு போய் உட்காரும்படி சொல்லிவிட்டார் இந்த அம்மா.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு கிராம சபையில். பட்டா விஷயமாகப் பேச என்னை அழைத்திருந்தார்கள். நடுவில் ஒருவர் நன்றாகக் குடித்துவிட்டு வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். தெருவிளக்கில் ஆரம்பித்து வசந்தா அம்மாவின் பிறந்த வீடு வரைக்கும் போய்விட்டார். ஊராட்சிச் செயலர் மைக்கை அணைக்க ஓடினார். "விடுங்க, பேசட்டும். லைட்டு எரியலன்றது நெசம்தானே" என்று தடுத்தார் தலைவர். அந்த வாரமே விளக்கு எரிந்தது. திட்டியவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று பிறகு நான் கிண்டல் செய்தேன். "திட்டாதவங்க தெருவுல இருட்டா இருந்தா எனக்கு எப்படித் தெரியும் சார்?" என்றார். சட்டம் படித்த எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வரவிருந்த மதுக்கடையை எதிர்த்து அவர் காலத்தில்தான் கிராம சபை தீர்மானம் போட்டது. தீர்மானம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். வசந்தா அம்மா பெண்களைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். "எங்க சனம் கை தூக்கிடுச்சுங்க. அதுக்கு மேல பெரிய ஆபீசர் யாரும் இல்ல" என்று உள்ளே போய்ச் சொன்னதை நானும் கூட நின்று கேட்டேன். கடை வரவில்லை. அன்றைக்கு ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. கை தூக்கினால் காரியம் நடக்கும் என்று ஊருக்குப் புரிந்தது. அது அவர்மேலேயே திரும்பும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பதவி முடிந்த பிறகு அவர் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஊரில் இருந்த தோல் பதனிடும் டேனரிக்குப் பின்னால் இருந்த கிணறுகளில் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. ஒவ்வொரு கிராம சபையிலும் எழுந்து அதையே சொன்னார், எழுதியும் கொடுத்தார். கடைசியில் அதிகாரிகள் வந்து பார்த்து டேனரிக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள். கழிவுநீரைச் சரிசெய்து மறுபடி திறக்கும்வரை வேலை இல்லை, கூலியும் இல்லை. ஊரில் முக்கால்வாசி வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்துவந்தார்.

திறந்த பிறகு நடந்த முதல் கிராம சபையில் நூர்ஜஹான் எழுந்தார். வசந்தா அம்மாவின் அடுத்த வீட்டுக்காரர், பிரியமான தோழி. அவர் கணவர் டேனரி தொழிலாளி. "அக்கா, நீ சொல்றது நெசம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீ வாயத் தெறந்தா எங்க வீட்ல அடுப்பு அணைஞ்சிடுது" என்றார். சொல்லும்போதே அழுதார். வசந்தா இனிமேல் கிராம சபையில் தண்ணீரைப் பற்றிப் பேசக்கூடாது என்று தீர்மானம் வந்தது. முதலாளி வீட்டு ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை. அடியாளும் இல்லை, மிரட்டலும் இல்லை. இப்படி ஒரு தீர்மானம் போட விதியில் இடமில்லை என்று செயலர் முனகிப் பார்த்தார். எழுதுங்கள் என்றது கூட்டம். கைகள் உயர்ந்தன. வசந்தா அம்மாவின் கணவர் மட்டும் கை தூக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அங்கே ஓட்டும் இல்லை, குரலும் இல்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வசந்தா அம்மா வீட்டுக்குப் போய் சட்டம் பேசினேன். ரோடு எங்கே போடுவது என்று ஊர் முடிவு செய்யலாம், ஒருவர் பேசலாமா கூடாதா என்று முடிவு செய்ய ஊருக்கு உரிமை கிடையாது, வழக்குப் போட்டால் அந்தத் தீர்மானம் நிற்காது என்று அடித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கலெக்டர்கிட்ட இன்னா சொன்னேன் சார்? சனம் கை தூக்கினா அதான் முடிவுன்னேன். இப்ப எனக்கு எதிரா தூக்கினா மட்டும் செல்லாதா?"

"இது வேற, அது வேறம்மா."

"வேறதான். அத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். கை தூக்கக் கத்துக்குடுத்தேன், எதுக்குத் தூக்கக்கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டேன்."

வழக்குப் போட மறுத்துவிட்டார். சொந்த ஊரைக் கோர்ட்டில் நிறுத்தமாட்டேன் என்றார். அதன் பிறகும் ஒரு கிராம சபையையும் தவறவிடவில்லை. முதல் வரிசையில் வந்து உட்காருவார், வாய் திறக்காமல் எழுந்து போவார்.

கடைசியாக நடந்த கூட்டத்தில் நூர்ஜஹான் மறுபடி எழுந்தார். அவர் வீட்டு போர்வெல்லிலும் தண்ணீர் மஞ்சளாக வருகிறதாம். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பாம். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "நீ சொல்லுக்கா" என்றார். வசந்தா அம்மா எழுந்து நின்றார். இப்போது பேசுவார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "தீர்மானம் இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதை ரத்து செய்வோம் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் அப்படியே இருந்தது. எனக்கு ஊர்மேல் கோபம் வந்தது; அவர்மேல் அதைவிட அதிகமாக வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் போய்விட்டார்.

அன்று உடலை எடுப்பதற்குச் சற்று முன் நூர்ஜஹான் என்னைப் பந்தலுக்கு வெளியே கூப்பிட்டார். முகம் வீங்கியிருந்தது.

"அந்தத் தீர்மானத்த இப்ப ரத்து பண்ண முடியுமா சார்?"

முடியும், அடுத்த கூட்டத்தில் கை தூக்கினால் போதும் என்றேன். அவர் பந்தலுக்குள் திரும்பிப் பார்த்தார்.

"பண்ணிட்டு, அப்புறம் யாரு சார் பேசறது?"

என் போனில் வசந்தா அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் இருக்கின்றன. வாய் மூடிய பிறகு, ஒவ்வொரு கிராம சபைக்கு முந்தைய நாளும் எனக்கு ஒன்று அனுப்புவார். எந்தக் கிணறு, என்ன நிறம், எந்தப் பிள்ளைக்கு என்ன உபாதை, டேனரியை மூடாமலே என்னென்ன செய்யலாம் என்று நிதானமாகச் சொல்லியிருப்பார். சொல்லி முடித்ததும் ஒவ்வொரு முறையும் இதையும் சேர்த்துக்கொள்வார்: "இது கூட்டத்துக்கு இல்ல சார். உங்க காதோட இருக்கட்டும்." அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அதை ஊருக்குப் போட்டுக் காட்டவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.