பெட்டியில் வந்தபடி ஒரு போர் விமானம்

பிளாஸ்டிக் பசையின் வாடை அண்ணிக்கு ஆகாது. அது மாடியிலிருந்து படிப்படியாக இறங்கி அடுப்படி வரை வந்து, கொதிக்கிற ரசத்துக்குள் கையை விடுகிறது என்பார். அதையும் என்னிடம் சொல்லமாட்டார். படிக்கட்டின் கீழே நின்று சுவரிடம் சொல்வார். நானும் சுவருக்கே பதில் சொல்வேன். அப்பா போனபின் அந்த வீட்டில் சுவர்களுக்குத்தான் வேலை அதிகம்.

மாடி அறையில் நான் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு போர் விமானம். நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஒரு சாணுக்குச் சற்று மேலே நீளம். இரட்டை எஞ்சின், இரட்டை வால். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பி எங்கள் வயலுக்கு மேலே வானத்தைக் கிழித்துக்கொண்டு போகுமே, அதே சாதி. கொக்குகள் சிதறும், நடவுப் பெண்கள் நிமிர்ந்து ஒரு வசவு வைத்துவிட்டு மறுபடி குனிவார்கள். அதற்குள் அது கடலைத் தொட்டிருக்கும். எனக்கும் அதைக் கண்டால் ஆகாது. ஆகாத ஒன்றைச் சாண் அளவுக்குக் குறுக்கி மேசையில் கிடத்திவைப்பதில் ஒரு ருசி.

ஆள ஒன்று, எதிர்க்க ஒன்று என்று எங்கள் நாட்டில் எல்லாவற்றுக்கும் இரண்டு கட்சி. இந்த வேலையிலும் அப்படித்தான். பித்தளைத் தகடும் தனி உதிரிகளும் வாங்கி அழகு சேர்ப்பவர்கள் ஒரு கட்சி. பெட்டியில் வந்ததை வந்தபடி, அதன் குறைகளோடு ஒட்டுபவர்கள் மறு கட்சி. நான் இரண்டாவது. மீறியது இரண்டே இடத்தில். மூக்குக்குள் எடை போடாவிட்டால் விமானம் வாலை ஊன்றி உட்கார்ந்துவிடும். அதற்கு வேளாங்கண்ணியில் வாங்கிய மீன்வலை ஈயத்தைத் துண்டாக்கிப் போட்டேன். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைக் கத்தரித்து விமானிக்கு இடுப்புவார் செய்தேன். மற்றதெல்லாம் பெட்டியின் பிழை, பெட்டியின் புண்ணியம். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி வாயைப் பிளந்தது. பட்டி பார்த்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். ஐப்பசி ஈரத்தில் சாம்பல் வண்ணம் வெள்ளையாகப் பூத்துப்போனது. தேய்த்து மறுபடி அடித்தேன்.

அண்ணனுக்கு அது பொம்மை. நான் குடவாசலில் பள்ளி ஆசிரியன். அவர் வயலில் நிற்பவர். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது எங்கள் வீட்டில் நிலத்தைப் பிறத்தியார் பெயர்களில் எழுதி ஒளித்துவைத்தார்கள். பெயர் தந்தவர்கள் நிலத்தையும் வைத்துக்கொண்டார்கள். குத்தகைக்காரர்களிடம் கொஞ்சம் போனது, வழக்கில் கொஞ்சம் கரைந்தது. மிஞ்சியவை இரண்டு துண்டு. வாய்க்கால் தலைப்பில் மடைவயல். அதற்குத் தாழ்வில், அது குடித்து மிச்சம் விட்டதைக் குடிக்கும் கீழ்வயல். அண்ணன் வீட்டு உலை கொதித்தது மடைவயலால்தான்.

மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து முறை அது. பிரிக்கிறவன் கை கோணாமல் இருக்கட்டும் என்று யாரோ யோசித்து வைத்தது. அண்ணன் அந்த முறையிலேயே தூண்டில் போட்டார்.

பேச வந்தவர் ஒன்றியக் கவுன்சிலர். அவருடைய அப்பா எங்கள் பண்ணையில் ஆளாக இருந்தவர். மகன் கரைவேட்டி மடிப்புக் கலையாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அண்ணன் பெஞ்சில்.

"ஒரு பங்கு, மடைவயலும் மாட்டுக்கொட்டகை மனையும். இன்னொரு பங்கு, கீழ்வயலும் இந்த வீடும், மாடி ரூமோட," என்றார் அண்ணன்.

"வீட்டையே விடுறீங்களே அண்ணே, அம்புட்டுத் தாராளமா?"

"அவனுக்கு அந்த மாடிதான் உசுரு. பொம்மைக்கு ரெக்கை ஒட்டுறவனுக்கு மடை எதுக்கு?"

கவுன்சிலர் என் பக்கம் திரும்பினார். "எடுங்க சார்."

மேலே வடக்கு ஜன்னல், நல்ல வெளிச்சம், இறக்கையில் காயாத கடைசிப் பூச்சு. எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

"மடைவயல்," என்றேன்.

அண்ணன் தோள்துண்டை எடுத்து மடியில் வைத்தார். பிறகு மறுபடி தோளில் போட்டார். "என்னடா சொன்ன?"

"மடைவயல்ங்க."

"எடுத்தாச்சு. இனிமே பேச்சு இல்ல," என்றார் கவுன்சிலர். "ஆமா, நீங்களே உழுவீங்களா சார்?"

"ஆள் வச்சுதான்."

"ஆளா? எந்தக் காலத்துல சார் இருக்கீங்க. ஆளுங்க நாங்கள்லாம் இப்ப மெஷின் வச்சிருக்கோம். கேட்டா வரும். கூப்பிட்டா வராது."

அன்றைக்குத்தான் அண்ணி முதல்முறையாகச் சுவரை விட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அந்த நாத்தத்தையும் இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க." ஈர வண்ணத்தோடு தூக்கிக்கொண்டு இறங்கினேன். இடது இறக்கையில் என் கட்டைவிரல் பதிந்தது. பேருந்தில் மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "இது ஏன் சார் பஸ்ல வருது?" என்றார்.

குடவாசலில் ஒரு வாடகை அறை. மடைவயலுக்குக் கவுன்சிலரிடம் கேட்டேன், மெஷின் வந்தது. அடுத்த வருடம் மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டும்போது ஆடி பிறந்துவிட்டது. வந்ததும் நோயாளிபோல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் அறை வாசலில் நின்றார்.

"நாத்து காயுது."

"உக்காருங்க. இது ஊறணும்."

ஒட்டுப்படங்களை வெட்டித் தட்டில் தண்ணீர் ஊற்றிப் போட்டிருந்தேன். ஊறினால் படம் தாளை விட்டு நழுவும். தூரிகை நுனியால் இறக்கைக்கு நகர்த்த வேண்டும். பலமாக மூச்சு விட்டால் மடங்கிவிடும். அண்ணன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூவண்ண வட்டம் அதன் இடத்தில் படிந்தபின் வாயைத் திறந்தார்.

"மடையைத் தொறக்கச் சொல்லு. ஒரு ராத்திரி போதும்."

"மேல்வயல் நெறயட்டும்."

எங்களுக்கும் கீழே இருந்த சின்ன விவசாயிகளிடம் ஆயுசு பூராவும் அவர் சொன்ன வாசகம். வரப்பில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டவர்களுக்கும், பிறகு செங்கொடி பிடித்து வந்து கேட்டவர்களுக்கும் அதே பதில்தான்.

"இது என் வார்த்தைடா."

"ஆமாங்க."

விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எவன் மேல குண்டு போடும்?"

"குண்டும் பெட்டியிலயே வந்திருக்கு. இன்னும் ஒட்டல."

எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. நான் அடுத்த படத்தை வெட்டித் தண்ணீரில் போட்டேன்.