அக்கா அளவுக்கு ஒரு சைக்கிள்

எங்கள் தெருவில் யாரிடமாவது அக்காவின் பெயரைச் சொல்லி விசாரித்தால் திருதிருவென்று விழிப்பார்கள். தண்ணிக்காரம்மா என்றால் உடனே வீட்டைக் காட்டுவார்கள். ஊருக்குத் தண்ணீர் விடுகிற பெரிய தொட்டி குன்றின் மேல் இருக்கிறது. விடியும்போதே அங்கே ஏறிப் போய், தண்ணீர் மட்டம் பார்த்து, குளோரின் கலந்து, வால்வைத் திறந்துவிடுவது அவள் வேலை. அவள் திறந்தால்தான் கீழே இருப்பவர்கள் பல் தேய்க்க முடியும். அது புரியாமல் சில பேர், "மேல உக்காந்துக்கிட்டு என்னதான் பண்றீங்க?" என்று அவளிடமே கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அக்கா குள்ளம். என் தோளுக்குத்தான் வருவாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறவர், ஒட்டடைக் குச்சி மாதிரி நெட்டை. கல்லூரியில் படிக்கும் அவர்கள் பெண் உயரத்தில் அப்பாவையே உரித்து வைத்திருக்கிறாள். நான் இவர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தங்கச்சி. இந்த வீட்டில் எதை வாங்கினாலும் நாலு பேருக்கும் பொதுவாகத்தான் வாங்குவோம். பெரியவர்களுக்குப் பொருந்தினால் சின்னவர்களுக்குத் தானாகப் பொருந்திவிடும் என்பது மாமாவின் சட்டம். மழைக்கோட்டு ஒன்றுதான், அது மாமா அளவு. அக்கா அதைப் போட்டுக்கொண்டு போனால் கோட்டு மட்டும் தனியாக நடந்து போவதுபோல இருக்கும். அவளுக்கென்று ஒரு நாற்காலி, ஒரு டம்ளர், துணி மாட்ட ஒரு ஆணி இருப்பது தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சின்ன அறையில்தான். அந்த வேலையின் மேல் அவளுக்கு உயிர். சம்பளத்துக்காக மட்டும் இல்லை.

அவளை மேலே கொண்டுபோய் விடுகிற ஜீப்பை ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டார். மேற்பார்வையாளர் வந்து, "வண்டி இருக்கிற ஆளா பாத்து மேல போட்டுக்கறேன். நீங்க ஆபீஸ்ல வந்து ஃபைல் அடுக்குங்கம்மா, நிழல்ல இருக்கலாம்" என்றார். ஏதோ பெரிய சலுகை கொடுப்பதாக அவருக்கு நினைப்பு.

"நான் நேரத்துக்கு வந்துடுவேன் சார்" என்றாள் அக்கா. எப்படி வருவாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஸ்கூட்டருக்கு வழியில்லை. வாங்கினாலும் பெட்ரோலுக்கு யார் அழுவது? தொட்டிக்குப் போகும் பாதை முழுக்கச் சரளைக்கல். சாதாரண சைக்கிள் என்றால் டயர் வழுக்கும், செயின் கழன்றுகொள்ளும். அகலமான டயரும் கியரும் உள்ள மலைப்பாதை சைக்கிள்தான் சரிப்படும், அதிலும் இருப்பதிலேயே மலிவானதாகப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. மாமாவுக்கு வந்திருந்த போனஸைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் கடைக்குக் கிளம்பினோம்.

"ஓட்டப் போறது யாருங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வீட்டுக்குத்தான்" என்றார் மாமா. சைக்கிளைக்கூட மிக்ஸி வாங்குகிற மாதிரி வாங்கும் மனிதர் அவர் ஒருவர்தான்.

குறுக்குக் கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்க வேண்டும், கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே நாலு விரல் போக வேண்டும், அதுதான் சரியான அளவு என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். மாமா நின்று பார்த்தார். அவர் பெண்ணும் நின்று பார்த்தாள். சும்மா இருப்பானேன் என்று நானும் நின்று பார்த்தேன். அக்கா மட்டும் நிற்கவில்லை. அவள் கையில் எங்கள் எல்லோருடைய பைகளும், மாமாவின் கண்ணாடியும், ஒரு குடையும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு அவள் எங்கே நிற்பது?

மாமாவின் கண் ஒரு தடித்த கறுப்பு சைக்கிளின் மேல் விழுந்தது. முன்னாலும் ஸ்பிரிங், பின்னாலும் ஸ்பிரிங், போதாததற்குத் தள்ளுபடி வேறு.

"இந்த விலைக்குப் பின்னாடி ஸ்பிரிங் வச்சா அது வெறும் பாரம்தான் சார். ஏத்தத்துல நீங்க மிதிக்கிற மிதியையெல்லாம் அதுவே முழுங்கிடும்" என்றார் கடைக்காரர்.

மாமா என் பக்கம் குனிந்து, "விக்க மனசு வரல பாரு. அப்ப நல்ல சாமான்தான்" என்று கிசுகிசுத்தார். அதற்குமேல் யார் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம்.

வீட்டு வாசலில் அக்கா ஏறிப் பார்த்தாள். சீட்டை அடிமட்டம்வரை இறக்கியும் கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது.

"கால் எட்டலைங்க."

"ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றார் மாமா. கால் வளர்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

மறுநாள் காலை ஏற்றத்தின் நடுவில் மூச்சு வாங்கி அவள் நின்றாள். ஊன்றக் கால் எட்டவில்லை. அப்படியே சைக்கிளோடு சரிந்து சரளையில் விழுந்தாள். முழங்கால் கிழிந்தது, முழங்கை தேய்ந்தது. அந்த எருமையை மிச்ச தூரம் தள்ளிக்கொண்டே ஏறி வால்வைத் திறந்தபோது ஊர் முழுக்க வாளியோடு நின்றுகொண்டிருந்தது. ஆபீசுக்குப் போன் மேல் போன். மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கும் லேட்டாச்சுன்னா சாவியக் குடுத்துட்டு வந்துடுங்கம்மா. என்னால பதில் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து காயத்தைக் கழுவிக்கொண்டே இதைச் சொன்னாள். உடனே சைக்கிளைச் சுற்றி ஒரு கூட்டம் கூடியது. காற்று குறைவாக இருந்திருக்கும் என்றாள் பெண். கியரை மாற்றத் தெரியவில்லை என்றார் மாமா.

"எனக்கு எட்டலை" என்றாள் அக்கா. அவர்கள் கியரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"நேத்து வாங்கிட்டு இன்னைக்கு உரசலோட கொண்டு வந்தா எப்படிம்மா? காசுல கொஞ்சம் பிடிச்சுக்குவேன்" என்றார் கடைக்காரர்.

"பிடிச்சுக்கங்க. இருக்கிறதுலயே சின்னதக் காட்டுங்க."

மூலையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். அழுக்கு மஞ்சள் நிறம், பார்க்கவே சகிக்காது. பின்னால் ஸ்பிரிங் கிடையாது. அக்கா தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பிக்கு மேல் கால் போட்டு நின்றாள். பாதம் இரண்டும் முழுசாகத் தரையில் பதிந்தன. நாலு விரல் தாராளமாகப் போனது. பிறகு பக்கத்துக் கிடங்கில் சரக்கு ஏற்றும் சாய்தளத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், பாதி ஏறி, வேண்டுமென்றே நின்று, கால் ஊன்றி, மறுபடி மிதித்து ஏறினாள். இறங்கி வந்து திரும்பவும் அதையே செய்தாள். முட்டியில் கட்டோடு ஒரு நடுத்தர வயதுக்காரி ஏறி ஏறி இறங்குவதைக் கிடங்கு ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு வாயெல்லாம் பல். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

வீட்டில் மாமா அதில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. பெண்ணுக்கும் அதே கதி. மாமாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"காசையும் விட்டுட்டு இதப் போய்த் தூக்கிட்டு வந்திருக்கியே. இத வீட்ல வேற யாரு ஓட்ட முடியும்?"

"யாரும் ஓட்ட வேணாங்க" என்றாள் அக்கா. "நான் ஓட்டிக்கறேன்."

மாமா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அன்று சாப்பிடும்போதும் யாரோடும் பேசவில்லை. கோபம்தான் என்று நினைத்து நானும் வாயைக் கொடுக்கவில்லை.

மறுநாள் இருட்டோடு அக்கா கிளம்பிப் போன சத்தம் கேட்டது. எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. எழுந்து போய் முற்றத்துக் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு, திறந்த குழாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். வானம் லேசாக வெளுக்க ஆரம்பித்தது. குழாய் ஒரு தரம் இருமியது. காற்று வந்தது, கொஞ்சம் கலங்கலாக வந்தது, அப்புறம் வாளியில் தண்ணீர் சடசடவென்று விழுந்தது.

உள்ளே இருட்டிலிருந்து மாமாவின் குரல் வந்தது. தூக்கக் கலக்கம் துளியும் இல்லாத குரல்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மாமா."

"நேரத்துக்கா?"

"நேரத்துக்குத்தான்."

பிறகு அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வாளி நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடவில்லை.