பண்ணையாருக்குப் புரியாத வரி

அச்சுக்குப் போகும் புத்தகங்களைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. தென்காசிப் பண்ணையார் ஒருவர் அருவியைப் பற்றித் தாம் எழுதிய பாடல்களைத் தந்து, "கொஞ்சம் திருத்தித் தாரும்வே" என்றார். நான் பாதி வரிகளை மாற்றிவிட்டேன். அவர் வாசித்துப் பார்க்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

சாரல் சமயம் குற்றாலத்தில் தங்கியிருந்த சம்பந்தி வீட்டாருக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டினார். நானும் உடனிருந்தேன். சம்பந்தி ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டார். அது என்னுடைய வரி. பண்ணையார் திணறவும், நான் முந்திக்கொண்டு விளக்கினேன்.

சம்பந்தி சிரித்தார். "அப்போ பாட்டு இவரு எழுதினதா, அண்ணாச்சி?"

பண்ணையாருக்கு முகம் கறுத்துவிட்டது. "இனி நம்ம வீட்டுப் பக்கம் வராதேயும்" என்றார் என்னிடம்.

இப்போதெல்லாம் அச்சுக்கு அனுப்புமுன் எழுதியவரையே உரக்கப் படிக்கச் சொல்கிறேன். அலுப்பான வேலைதான். அவர் தடுமாறும் இடத்தில் என் வரியை அடித்துவிட்டு, அவருடைய சுமாரான வரியையே திரும்ப எழுதிவிடுகிறேன்.